நீங்கள் பாதியாக்கிய செவ்வந்திச் சரம்

சயாமா,

என் வலது தோளில் செவ்வந்தி வாசனை இன்னும் போகவில்லை. நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் தலை முழுகினேன், சட்டையையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கசப்பு கலந்த பச்சை வாசனை வருகிறது. மூங்கில் அழுத்திய இடம் சிவந்து கன்றியிருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள் அம்மா. தடவினால் வாசனை போய்விடும் என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ஒரு விதவையின் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அதற்கு முந்திய வாரம்தான் உங்கள் தங்கையின் மின்னஞ்சல் வந்திருந்தது. உங்களை அடக்கம் செய்த அன்று ஊரே திரண்டு வந்ததாகவும், கப்பல் பட்டறையின் சங்கை உங்களுக்காக ஊதினார்கள் என்றும், கல்லறை தெரியாத அளவுக்குச் செவ்வந்தியைக் குவித்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். இணைய மையத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன். செவ்வந்தி என்ற சொல்லைப் படித்தபோது வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. முதலில் உங்கள் மொழியில்தான் எழுதத் தொடங்கினேன். அந்த மொழியில் நான் ஒரு பயண வழிகாட்டி, குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவள், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை அந்த வீட்டு மொழியில்தான் என்னால் எழுத முடிகிறது.

ரங்கூனுக்கு நீங்கள் வந்த குளிர்காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. இத்தாலிய மொழி பேசும் வழிகாட்டிகள் குறைவு என்பதால், பான்சொடான் தெரு நடைபாதையில் வாங்கிய பழைய இலக்கணப் புத்தகத்தோடும் மாலை வகுப்போடும் போராடி உரிமம் வாங்கியிருந்தேன். உங்கள் குழு பகானுக்குப் புறப்பட்ட காலையில் உங்களுக்கு வயிற்றுப்போக்கு. குழு போய்விட்டது. உங்களோடு இருக்கச் சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனார்கள். விசா விண்ணப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எழுதியிருந்தீர்கள். ஆசிரியையை இங்கே எல்லோரும் சயாமா என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

விடுதி உணவு உங்களுக்கு இறங்கவில்லை. வெளிநாட்டவரை வீட்டுக்கு அழைத்துப் போவது என் உரிமத்துக்கு ஆபத்து என்று தெரிந்தும், அலோன் பேட்டையில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கு உங்களை அழைத்து வந்தேன். அம்மா நொய்க்கஞ்சி வைத்து, சுட்ட கருவாட்டைப் பக்கத்தில் வைத்தாள். கருவாட்டை மோந்து பார்த்து, “இது என் ஊர்” என்றீர்கள். இரண்டாவது கிண்ணத்தின்போது உங்கள் கதை தொடங்கியது.

கப்பல் கட்டும் ஊரில் பிறந்தவர் நீங்கள். அப்பா இரும்புத் தகடுகளை இணைப்பவர். நீங்கள் பள்ளி ஆசிரியை ஆனீர்கள், பிறகு தொழிற்சங்கம், பிறகு நகர மன்றம், பிறகு தலைநகரின் நாடாளுமன்றம். இரண்டு முறை அங்கே அமர்ந்தீர்கள். மூன்றாம் முறை, அந்த வசந்தகாலத்தில், தோற்றீர்கள். உங்கள் பக்கமே நாடு முழுவதும் தோற்றது. முகம் தெரியாத ஊர் ஒன்று வேண்டும் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் புறப்பட்டு வந்ததாகச் சொன்னீர்கள். இனி அரசியல் இல்லை என்றும் சொன்னீர்கள்.

“என்ன கட்சியாம்?” என்று அம்மா என்னைக் கேட்டாள்.

“எடதுசாரி. அதுலயும் நடுவுக்குப் பக்கத்துல.”

“நடுவுலயா எடதுலயா, ஒரு எடத்துல நிக்கச் சொல்லு.”

நான் மொழிபெயர்த்தபோது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் கட்சி மாநாடுகளில் விடிய விடிய இதைத்தான் பேசுவீர்களாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் கூட்டணி சேர்ந்து, அதற்கு ஒரு மரத்தின் பெயரோ பூவின் பெயரோ வைப்பீர்கள் என்பதையும் சொன்னீர்கள். அம்மா அதையும் யோசித்தாள்.

“தேர்தலுக்குத் தேர்தல் வேற மரமா? ஒரு மரத்தையும் காய்க்கிற வரைக்கும் விட்டுவைக்கல போல.”

இந்த முறை நீங்கள் சிரிக்கவில்லை.

மறுநாளும் வந்தீர்கள். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தீர்கள். அன்றுதான் காத்தமுத்து மாமா வாசலில் வந்து நின்றார்.

எங்கள் சங்கத்தைப் பற்றி அன்று அவசர அவசரமாகச் சொன்னேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்கள் அந்தக் காலத்தில் ஏற்படுத்திய மரண சகாயச் சங்கம் அது. அனாதைப் பிணமாக யாரும் நகராட்சி வண்டியில் போகக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மற்றவர்கள் வந்து தூக்க வேண்டும். தோள் கொடுக்கிறவனுக்கே தோள் என்பது சட்டம். பெண்கள் தூக்குவதில்லை, எனவே பெண்கள் உறுப்பினர் இல்லை. கணவன் இறந்து, மகனும் இல்லாத வீடு தானாகவே சங்கத்திலிருந்து உதிர்ந்துவிடும். எங்கள் சந்தில் பாப்பாத்தி அக்கா அப்படித்தான் போனாள். கணவனைச் சங்கம் கொட்டு மேளத்தோடு எடுத்தது. அவள் செத்தபோது இரண்டு கூலியாட்கள் வந்து குப்பைக்கூடையைப் போலத் தூக்கி லாரியில் போட்டார்கள். அப்பா இறந்து, ஒரே ஒரு பெண்ணோடு இருந்த அம்மா அதை வாசலில் நின்று பார்த்தாள். அந்த மாதமே, சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டாள். பெண் நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை, யாருக்கும் எழுதத் தோன்றியிருக்காது. சங்கத் தலைவரான பெரியவர், “நிக்கட்டுமே, பொழுது போகும்” என்று விட்டுவிட்டார்.

காத்தமுத்து மாமா துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்திலிருந்தே அவர்தான் செயலாளர்.

“சிவகாமி, கேள்விப்பட்டதெல்லாம் நெசமா?”

“நெசந்தாண்ணே. உள்ள வாங்க, டீத்தண்ணி குடிக்கலாம்.”

“டீ கெடக்கட்டும். தூக்க ஆளில்லாத வீட்ல இருந்து தூக்குற சங்கத்துக்குச் செயலாளரா? கேக்குறவன் சிரிக்க மாட்டான்?”

“ஒங்களுக்கு முட்டி வலி வந்து நாலஞ்சு வருசமாச்சு. அதுக்கப்பறம் நீங்க எந்தப் பாடைக்குண்ணே தோள் குடுத்தீங்க?”

“நான் முன்னால சங்கு ஊதிக்கிட்டுப் போறேன்ல?”

“நானும் ஊதுவேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். கையில் இருந்த வெங்காயம் உருண்டு அடுப்படிக்குப் போனது உங்களுக்குத் தெரியவில்லை. “தேர்தல் எப்போது?” என்று கேட்டீர்கள். அரசியலே வேண்டாம் என்று உலகின் மறுகோடிக்கு வந்தவரின் குரலா அது என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றேன். “தோற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது” என்று முந்தானையைச் செருகுவதுபோல் உங்கள் சால்வையை இடுப்பில் செருகினீர்கள்.

நீங்கள் சொன்ன யோசனைகள் ஒன்றுகூட எங்கள் ஊருக்கு ஆகவில்லை. சுவரொட்டி என்றீர்கள், ஒட்டினால் போலீஸ் வரும். பொதுக்கூட்டம் என்றீர்கள், ஐந்து பேருக்கு மேல் கூட வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும், சங்கக் கூட்டத்துக்கே அதைப் போராடித்தான் வாங்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கைகுலுக்கி வாக்குக் கேட்கலாம் என்றீர்கள். அம்மா அதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“ஓட்டுக் கேக்கப் போனா வாசல்ல நிக்க வெப்பாக. துக்கம் கேக்கப் போனா உள்ள விடுவாக.”

அப்படித்தான் நீங்கள் உங்கள் வாழ்க்கையின் விசித்திரமான பிரசாரத்துக்கு வந்தீர்கள். இங்கத்துப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, என் பள்ளி ஆசிரியை என்ற பெயரில், அம்மாவுக்குப் பின்னால் நடந்தீர்கள். சின்னையா அண்ணன் வீட்டை மறந்திருக்க மாட்டீர்கள். எங்களைப் பார்த்ததுமே அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டுன்னா இப்பவே சொல்லிர்றேங்க்கா. எங்கப்பாவ முன்ன நின்னு எடுத்தது காத்தமுத்து அண்ணன்தான். எங்க வீட்டுக் கை அவருக்குத்தான்.”

“கை கெடக்கட்டும் தம்பி. அப்பா போனப்ப நான் காய்ச்சல்ல கெடந்தேன். துக்கம் கேக்காத வீடு இது ஒன்னு பாக்கி இருந்துச்சு.”

அதற்குமேல் அவரால் வழியை அடைக்க முடியவில்லை. பாய் விரித்தார்கள். அம்மா எதையும் கேட்கவில்லை. அவரே சொன்னார். அடைமழையில் சந்து முழங்கால் வரை மூழ்கிக் கிடந்ததை, பாடையைக் கீழே வைக்க இடமில்லாமல் ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்ததை, தண்ணீரில் செருப்பெல்லாம் மிதந்து போனதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றிருந்த அவர் மனைவி வள்ளி அக்கா பேசினாள்.

“அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ள எறங்கி வந்தாகக்கா. எங்க மாமனாருக்கு நல்ல சாவு.” அடுப்படிக்குள் இருந்த மகள்களைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு ரெண்டும் பொண்ணு. இவுக முந்திக்கிட்டா, எனக்கு யாரு எறங்குவா?”

“வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?” என்றார் சின்னையா அண்ணன்.

இந்த இடத்தில் அம்மா பேசுவாள் என்று எதிர்பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அது தெரிந்தது. அம்மா எழுந்தாள். நீங்களும் எழுந்து, பழக்க தோஷத்தில் நன்றி சொல்லக் கையை நீட்டினீர்கள். அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவுக்கு வந்துவிட்டாள்.

துக்கம் கேட்ட வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் வர வேண்டும் என்று நான் விளக்கினேன். நீங்கள் தெருவிலேயே நின்றுவிட்டீர்கள். “ஒரு வாக்காளரின் வீட்டிலிருந்து நன்றி சொல்லாமல் நான் வெளியே வந்ததே இல்லை” என்றீர்கள். பிறகு, நாங்கள் மூலையைத் திரும்பும்போது, “கடைசியாக அந்த அறையில் பேசியது அந்தப் பெண்தான். உன் அம்மா அதை அழிக்காமல் விட்டுவிட்டு வந்தார்” என்றீர்கள். எத்தனை நூல் படித்திருக்கிறேன் நான், அம்மா செய்தது என்ன என்பதை உங்கள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் போன எல்லா வீட்டிலும் அதே கேள்வியை யாரோ ஒரு மனைவி கேட்டாள். எல்லா வீட்டிலிருந்தும் சொல்லாமல் வந்தோம்.

சனிக்கிழமை உங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. சங்கத்தில் கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது.

“ரகசிய வாக்கெடுப்பு கேளுங்கள். பலமில்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் கவசம். என் அப்பா அதற்காக அடி வாங்கியவர்.”

“மறச்சுப் போட்டா என்ன ஆகும்னு சயாமாவுக்குத் தெரியாது. இந்த ஊரு பூராம் ஒரு தடவ வரிசையில நின்னு மறச்சுத்தான் போட்டுச்சு. போட்டதெல்லாம் பட்டாளத்துக்காரன் கையில காணாமப் போச்சுன்னு சொல்லு.”

நான் சன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“அது எண்ணியவர்களின் குற்றம். பெட்டியின் குற்றம் அல்ல.”

“இருக்கட்டும். நாளைக்குக் கைதான் தூக்கணும். கோயில் மண்டபத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் பொம்பளைங்க நிப்போம். எந்தக் கை ஏறுது, எந்தக் கை எறங்குதுன்னு பாப்போம். எங்களுக்கு ஓட்டுத்தான் இல்ல. கண்ணு இருக்குல்ல?”

“இது மிரட்டல்” என்றீர்கள்.

“ஆமா. இத்தன வருசம் அவுக எங்களப் பாத்தாக. ஒரு நாளைக்கு நாங்க பாக்குறோம்.”

விடுதிக்குத் திரும்பும் வண்டியில், “உன் அம்மா செய்வது தவறு” என்றீர்கள். வண்டி விடுதி வாசலில் நின்றதும், “ஆனால் ஜெயிப்பார்” என்றீர்கள். வருத்தமாகத்தான் சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் பெண்கள் கூட்டம். வள்ளி அக்கா வந்திருந்தாள். யாரும் எதிர்பார்க்காமல், காத்தமுத்து மாமாவின் மனைவி அன்னக்கிளி அத்தையும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சண்டையை மறந்து, ரங்கூனுக்கு வடக்கே மாவ்பித் தோட்டத்திலிருந்து வந்த மஞ்சள் செவ்வந்தியில் உங்களுக்காக ஒரு முழம் கட்டிவைத்திருந்தாள் அம்மா. உங்கள் விரலில் மோதிரம் இருந்தது. பயறு வேகவைப்பது எப்படி, மீனில் எலுமிச்சை எப்போது பிழிவது என்று எல்லாவற்றுக்கும் “என் கணவர் இப்படித்தான் செய்வார்” என்பீர்கள். சுமங்கலிப் பெண் வெறுந்தலையோடு கோயிலுக்கு வரக் கூடாது என்று அம்மா பூவோடு உங்கள் பின்னால் வந்து நின்றாள்.

நீங்கள் ஓர் அடி விலகினீர்கள்.

“எங்கள் ஊரில் இது கல்லறைப் பூ. உயிரோடு இருப்பவருக்கு யாரும் கொடுப்பதில்லை” என்றீர்கள் என்னிடம். “நவம்பரில் என் கணவருக்கு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கப்பல் பட்டறையில் அவர் வெட்டி அடுக்கிய ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகடுகளின் தூசி நுரையீரலில் படிந்து, அவர் போய் வருடங்கள் ஆகியிருந்தன. நீங்கள் அவரைப் பற்றி ஒருமுறைகூட இறந்தகாலத்தில் பேசியதில்லை.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. “தெரியாமப் போச்சே” என்றாள். கணவனை இழந்தவர்கள் எங்களில் பூ வைப்பதில்லை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா இறந்த பதினாறாம் நாளிலிருந்து அம்மாவும் வைப்பதில்லை என்று சொன்னேன்.

நீங்கள் வெங்காயம் நறுக்கும் கத்தியை எடுத்தீர்கள். சரத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கி நடுவில் அறுத்தீர்கள். ஒரு பாதியைக் கொண்டையூசியால் உங்கள் குட்டை முடியில் குத்திக்கொண்டீர்கள். மறு பாதியை அம்மாவிடம் நீட்டினீர்கள். வை என்று சொல்லவில்லை, நீட்டிக்கொண்டு மட்டும் நின்றீர்கள்.

“இன்னைக்கித்தானா?” என்றாள் அம்மா. “ஜெயிச்சதுக்கப்பறம் வெச்சா ஆகாதான்னு கேளு.”

“ஜெயித்த பிறகு யார் வேண்டுமானாலும் வைப்பார்கள்” என்றீர்கள்.

அம்மா அசையவில்லை. சந்து முனையில் மொஹிங்கா என்னும் மீன் சேமியா விற்கும் எங்கள் பக்கத்து வீட்டு டாவ் மியா, கொல்லை வழியாக வந்தாள். அவளும் விதவைதான். ஆனால் பர்மியர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது, அவள் கொண்டையில் தினம் ஒரு பூ இருக்கும். நாங்கள் ஏன் புறப்படாமல் நிற்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. நேரமாகிறது, ஆண்களெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள் என்று பர்மியத்தில் பொரிந்துகொண்டே, உங்கள் கையில் இருந்த பாதிச் சரத்தை எடுத்து, அடுப்பில் விறகைச் செருகுவதுபோல் அம்மாவின் கொண்டையில் செருகிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அம்மாவின் கை பூவை எடுக்க மேலே போனது.

“இருக்கட்டும் சிவகாமி” என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். அன்னக்கிளி அத்தை. “பூவ எடுக்கச் சொல்லி வர்றவன் எவனும் நாளைக்குத் தூக்க வரப் போறதில்ல.”

அப்படியே போனோம். சந்தில் அம்மா முன்னால் நடந்தாள், பின்னால் பெண்கள், நடுவில் சால்வையால் தலையை மூடிக்கொண்டு நீங்கள். அம்மா மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆண்கள் திரும்பி அவள் கொண்டையைப் பார்த்தார்கள்.

“இதென்ன கோலம் சிவகாமி?” என்றார் காத்தமுத்து மாமா.

“கூட்டத்துக்கு வந்த கோலம்ணே. ஆரம்பிக்கலாமா?”

கம்பிக்கு இந்தப் பக்கம் நாம் நின்றோம். பூவால் எல்லாம் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். பெரியவர் முதலில் காத்தமுத்து மாமாவின் பெயரைச் சொன்னார். கைகள் உயர்ந்தன. சின்னையா அண்ணனின் கை பாதி வரை ஏறியது. வள்ளி அக்கா எதுவும் செய்யவில்லை. இரண்டு மகள்களையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். கை மெல்ல இறங்கியது. அதைப் பார்த்து அவருக்குப் பக்கத்தில் ஒரு கை இறங்கியது. பிறகு அம்மாவின் பெயர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் என் முழங்கையை நசுக்கியதில்தான் திறந்தேன். மண்டபத்தில் கைகளாக இருந்தன. பெரியவர் எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். காத்தமுத்து மாமாவின் கை காதருகே போய், சொறிவதுபோல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. தானும் அம்மாவுக்குத்தான் தூக்கியதாகப் பிற்காலத்தில் அவர் சொல்லிக்கொண்டதற்கு அந்தக் காது மட்டும்தான் சாட்சி.

எண்ணினார்கள், எண்ணியதை எண்ணியபடியே அறிவித்தார்கள். அப்படி ஒன்று நடந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், சயாமா. நீங்கள் எத்தனையோ முறை பார்த்தவர். இருந்தும் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

காத்தமுத்து மாமா துணியில் சுற்றிய சங்கைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்.

“சாவு இல்லாம ஊதக் கூடாது. தெரியும்ல?”

“தெரியும்ணே. காத்திருக்கேன்.”

“யாருக்கு?” என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த மாதம் விதியை மாற்றினாள் அம்மா. இனி வீடுதான் உறுப்பினர், தோள் அல்ல. விதவைகள் வீட்டுக்கும் ஒரு வாக்கு. அடுத்த தேர்தலுக்கு மேரி பிஸ்கட் டப்பாவின் மூடியில் அவளே துளை போட்டு வாக்குப் பெட்டி செய்தாள். அதைத் தொலைபேசியில் உங்களிடம் சொன்னேன். “ஓட்டு வந்தப்பறம் கண்ணு எதுக்கு? சயாமாகிட்ட சொல்லு” என்று அம்மா பக்கத்தில் நின்று குரல் கொடுத்தாள். நான் சொன்னேன். உங்கள் அப்பாவுக்குச் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அவர் உயிரோடு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியும்.

அந்த அழைப்புக்கு முன்பே நீங்கள் மறுபடியும் களத்தில் இறங்கியிருந்தீர்கள். தலைநகரில் அமர்ந்தவர் சொந்த ஊருக்கு மேயராக நிற்பது இறக்கம் என்று கட்சியில் சொன்னார்களாம். நீங்கள் பட்டறைத் தூசியால் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனீர்கள். வாக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் சொல்வதைக் கேட்டீர்கள். கடைசிச் சொல் அவர்களுடையதாக இருக்கும்போது எழுந்து வந்துவிட்டீர்கள். மரியாதை தெரியாதவர், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்வதில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதைக் கத்தரித்து அனுப்பினீர்கள். ஓரத்தில், “உன் அம்மாவின் கட்சி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது” என்று கிறுக்கியிருந்தீர்கள்.

வென்றீர்கள். வென்றதோடு நிற்கவில்லை. பட்டறை முதலாளிகள்மீது விதவைகள் போட்ட வழக்கில் நகராட்சியையே அவர்கள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். முதல் தீர்ப்பு பாதகமாக வந்தது, மேலே போனீர்கள். கடைசித் தீர்ப்பு வந்த நாளில் நீதிமன்றப் படிகளில் எடுத்த புகைப்படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கறுப்பு உடையில் பெண்கள், நடுவில் நீங்கள், உங்கள் குட்டை முடியில் மஞ்சள் செவ்வந்தி. யார் செத்துவிட்டார்கள் என்று பயந்து, தெருவில் பார்த்தவர்கள் சிலுவைக் குறி போட்டார்களாம். அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த மரம் காய்ச்சிருச்சு” என்றாள்.

அம்மா காத்தமுத்து மாமாவுக்கும் சங்கு ஊதினாள். முதல் ஊதலிலேயே படகுத்துறை வரை கேட்டது. நேற்று ஊதியது அன்னக்கிளி அத்தைக்கு.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. பழைய சட்டம் இருந்திருந்தால் லாரிக்காரர்கள்தான் வந்திருப்பார்கள். நேற்று சந்து கொள்ளாமல் ஆட்கள். சின்னையா அண்ணன் பின்பக்கம் தோள் கொடுத்தார். பாடை எங்கும் மாவ்பிச் செவ்வந்தி, அதில் ஒரு பாதிச் சரம் அத்தையின் கொண்டையில். மாமா போன பிறகும் அவள் பூவை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. தூக்கும் நேரத்தில் முன்பக்க இடது மூங்கிலுக்கு ஆள் வரவில்லை. அம்மா சங்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அவள் கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரியுமே.

நான் எப்போதும் பிறர் பேச்சைப் பேசுகிறவள். கூட்டத்தில் பின்னால் நிற்கிறவள். நேற்று கால்கள் தாமாகவே முன்னால் போயின. குனிந்து தோளைக் கொடுத்தேன். பின்னாலிருந்து யாரோ, “பாத்துப் புடி பாப்பா, எட்டு வெச்சு நட” என்றார்கள். அவ்வளவுதான். சந்து முனையில் லாரி நிற்கும் இடம் வரை, டாவ் மியாவின் மொஹிங்காக் கடையைத் தாண்டி, அத்தையைச் சுமந்துகொண்டு நடந்தேன். அம்மாவை நாளைக்கு யார் தூக்குவார்கள் என்று சின்ன வயதிலிருந்து எனக்குள் இருந்த பயத்தை வழியில் தேடிப் பார்த்தேன். அது இல்லை.

உங்களுக்குத் தோள் கொடுக்க அங்கே நான் இல்லை. அதனால் நேற்று மூங்கில் தோளில் இறங்கியபோது அந்த எடையைச் சரத்தைப் போல இரண்டாக்கிக்கொண்டேன். ஒரு பாதி அத்தைக்கு, ஒரு பாதி உங்களுக்கு. வலிக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா கூப்பிடுகிறாள். புகைப்படத்துக்கு ஒரு முழம் செவ்வந்தி வைத்திருக்கிறாள். எந்த ஊர் வழக்கப்படி பார்த்தாலும் இப்போது அது உங்களுக்கு உரிய பூ. துக்க வீடு இது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்திருக்கிறேன்.